போனும் பிட்டுக் கோப்பையும்: புள்ளையள்ட திரை நேரத்தையும் கூடின எடையையும் சேர்த்துக் குறைக்கிற முழு வழிகாட்டி

என்ட மூத்தவன் அஞ்சாம் ஆண்டு ஸ்கொலர்சிப்புக்குப் படிச்ச நேரம் ராவையில பிட்டும் மீன்கறியும் போட்டுக் குடுத்திட்டு போனையும் கோப்பைக்குப் பக்கத்தில வச்சிடுவன், அப்பத்தான் சத்தம் போடாம சாப்பிடுவான், எனக்கும் அடுப்படி வேலை முடியும். ஒரு நாள் கரண்ட் போய் சார்ஜ் இல்லாம போன் நிண்டிட்டு. வழமையா ரெண்டாம் தரம் கேட்டு வாங்குறவன் அண்டைக்கு முதல் போட்டதிலயே கொஞ்சம் மிச்சம் வச்சிட்டு "வயிறு நிரம்பிட்டும்மா" எண்டு எழும்பிட்டான். அதே பிட்டு, அதே கறி, அதே பசி. போன் மட்டும்தான் இல்ல.

அண்டைக்குத்தான் எனக்கு விளங்கினது. போன் பார்த்தா புள்ள ஓடி விளையாடாது, அதால கொழுப்பு ஏறுது எண்டுதான் எல்லாரும் சொல்றாங்க, அது பிழை இல்ல, ஆனா பாதிதான். மற்றப் பாதி வாயில இரிக்கி. திரையைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டா வயிறு "போதும்" எண்டு சொல்றது மூளைக்குக் கேட்கிறல்ல, அதோட விளம்பரத்தில காட்டுற பிஸ்கட்டும் சோடாவும் கண்ணுக்குள்ள நிண்டு பசி இல்லாமலே கேட்க வைக்கும், ராவைக்குப் பிந்திப் படுத்தா அடுத்த நாள் இனிப்பும் எண்ணெய்ச் சாப்பாடும் தேடும். அதால கீழ நான் சொல்ற ஒழுங்கு கொஞ்சம் வித்தியாசமா இரிக்கும், போனைப் பறிக்கிறதில இருந்து தொடங்கல்ல.

முதல் வேலை: அளந்து பாருங்க, கண்ணால மட்டிடாதீங்க

நம்மட ஊரில புள்ள கொழுகொழு எண்டு இரிந்தா கண்ணூறு படும் எண்டு பொட்டு வைப்பம், மெலிஞ்சு இரிந்தா தாய்க்குக் குறை சொல்லுவம். ரெண்டுமே அளவு இல்ல. உயரத்தை செருப்பில்லாம சுவரோட குதிகால் முட்ட நிக்க வச்சு, தலைக்கு மேல ஒரு கொப்பியைத் தட்டையா வச்சு பென்சிலால கோடு போட்டு அளங்க. எடையை மெல்லிய உடுப்போட, ஒரே தராசில, மாதத்துக்கு ஒருக்கா. எடைக் கிலோவை உயர மீட்டரால ரெண்டு தரம் பிரிச்சா வாறதுதான் பிஎம்ஐ, உயரத்துக்கு எடை எவ்வளவு எண்டு காட்டுற கணக்கு. என்ட மகன் 10 வயசில 135 சென்டிமீட்டர், 38 கிலோ. 38ஐ 1.35ஆல பிரிச்சு திரும்பவும் 1.35ஆல பிரிச்சா 20.9 வருது.

இந்த இடத்தில கனபேர் பிழை விடுறாங்க. பெரியாக்களுக்குச் சொல்ற 25 எண்ட கணக்கை புள்ளைக்குப் பார்க்கக் கூடாது, வயசுக்கும் ஆணா பெண்ணா எண்டதுக்கும் ஏத்தமாதிரி மாறும். உலக சுகாதார அமைப்பின்ட அட்டவணையில 10 வயசு ஆம்பிளப் புள்ளைக்கு 18.5க்கு மேல போனா எடை கூட, 21.4க்கு மேல போனா உடற்பருமன். பொம்பிளப் புள்ளைக்கு 19.0, 22.6. அப்ப என்ட மகன் ரெண்டுக்கும் நடுவில, ஆனா மேல் கோட்டுக்குக் கிட்ட. அஞ்சு வயசுக்குக் கீழ எண்டா இந்தக் கணக்குப் பார்க்காதீங்க, கிளினிக் கொப்பியைக் கொண்டு போய் மிட்வைஃப் மிஸ்ஸிட்டக் குடுங்க, உயரத்துக்கு எடை சரியா எண்டு அவ கோட்டில வச்சுக் காட்டுவா. ஸ்கூலில 1, 4, 7, 10ஆம் ஆண்டுகளில மெடிக்கல் பார்க்க வருவாங்க, அண்டைக்குப் புள்ளைட எடை உயரம் என்ன எண்டு கேட்டு எழுதி வாங்குங்க, நாம கேட்டாத்தான் அந்தக் கணக்கு வீட்டுக்கு வரும்.

ஒண்டு சொல்லணும். ஒரே வகுப்பில ஒரு புள்ள எடை கூடியும் பக்கத்து வாங்கில இரிக்கிற புள்ள எலும்பு தெரியவும் இரிக்கிற இடம் இது. அளந்து பார்க்காம ஆரும் புள்ளைட சாப்பாட்டில கை வைக்க வேணாம்.

ரெண்டாவது: ஒரு கிழமை சும்மா எழுதுங்க

ஏசாம, மாத்தாம, ஏழு நாள் ஒரு கொப்பியில எழுதுங்க: எத்தனை மணிக்கு திரை, எவ்வளவு நேரம், அந்த நேரம் வாயில என்ன. அன்ட்ரொய்ட் போனில செட்டிங்ஸுக்குள்ள டிஜிட்டல் வெல்பீயிங் எண்டு இரிக்கி, ஐபோனில ஸ்க்ரீன் டைம், ரெண்டும் எந்த ஆப்பில எத்தனை மணித்தியாலம் எண்டு அப்பிடியே காட்டும். சூம் வகுப்பு, ஹோம்வேர்க் போட்டோ பார்க்கிறது எல்லாத்தையும் வேறயா எழுதுங்க, கொரோனாக் காலத்தில படிப்புக்கெண்டு நாமதான் போனை கையில குடுத்தம், அந்தப் படிப்பையும் விளையாட்டையும் ஒண்டாக் கணக்குப் போட்டா புள்ளைக்கு நியாயமாத் தெரியாது, சண்டைதான் வரும்.

நான் எழுதின கிழமையில கண்டது என்னெண்டா மூண்டு மணித்தியாலத் திரையில கிட்டத்தட்ட முழுக்கவும் கையில ஒரு கோப்பையோ பக்கட்டோ இரிந்திச்சி. ஸ்கூலால வந்து மத்தியானச் சோறு யூடியூப்போட, பின்னேரம் மிக்சரோட கேம், ராவைக்கு பிட்டோட கார்ட்டூன். உங்கட வீட்டில வேற மாதிரி இரிக்கலாம், அதுக்குத்தான் எழுதச் சொல்றன்.

மூண்டாவது, இதுதான் எல்லாத்தையும் விடப் பெரிய வேலை: வாயையும் திரையையும் பிரிங்க

அமெரிக்காவில பஃபலோ எண்ட ஊரில 4 தொடக்கம் 7 வயசுக்குள்ள உள்ள 70 புள்ளையள வச்சு ஒரு ஆய்வு செய்து 2008ல வெளியிட்டாங்க. டிவியிலயும் கம்பியூட்டரிலயும் ஒரு சின்ன மெசினைப் பூட்டி ஒரு பகுதிப் புள்ளையளுக்கு பார்க்கிற நேரத்தை மெல்ல மெல்லப் பாதியாக்கினாங்க, ரெண்டு வருசம் பார்த்தாங்க. நேரம் குறைஞ்ச புள்ளையள்ட பிஎம்ஐ மற்றவங்களை விட நல்லா இறங்கிச்சி. ஏன் எண்டு பார்த்தா அந்தப் புள்ளையள் கூடுதலா ஓடியாடினதெண்டு இல்ல, அதில பெரிய வித்தியாசமே வரல்ல, சாப்பிட்ட அளவுதான் குறைஞ்சிருந்திச்சி. என்ட வீட்டில போன் நிண்ட அண்டைக்குக் கண்டதும் இதுதானே.

அதால முதல் ரெண்டு கிழமைக்கு திரை நேரத்தில ஒரு நிமிசமும் குறைக்காதீங்க. ஒரே ஒரு சட்டம்: சாப்பிடும்போது திரை இல்ல, திரை பார்க்கும்போது சாப்பாடு இல்ல, தண்ணி மட்டும் குடிக்கலாம். "மனே, போன் உன்டதான், நான் பறிக்கல்ல, சாப்பிட்டு முடிச்சு கை கழுவிட்டு எடு" எண்டு சொன்னா பறிகொடுத்த கோவம் புள்ளைக்கு வராது. சாப்பாட்டு நேரம் எல்லார்ட போனும், அப்பாட போனும் சேர்த்து, ஒரு பெட்டிக்குள்ள போகணும். டிவியையும் நிப்பாட்டணும், அம்மம்மாட நாடகம் ஏழரைக்கு எண்டா ஏழு மணிக்குச் சாப்பிடுங்க, அவட நாடகத்தைக் கெடுக்க வேணாம்.

முதல் நாலைஞ்சு நாள் கஷ்டம்தான், பொய் சொல்லமாட்டன். சின்னவ, மூண்டு வயசு, கார்ட்டூன் இல்லாம வாயே திறக்கல்ல. ஒரு நேரம் ரெண்டு வாய்தான் சாப்பிட்டா, எனக்கு நெஞ்சு பதறிச்சி, ஆனா சுகமா இரிக்கிற புள்ள ஒரு நேரம் குறையச் சாப்பிட்டா அடுத்த நேரம் பசிச்சுச் சாப்பிடும், அதை விட்டுட்டுப் பின்னால கோப்பையோட திரியக் கூடாது. கீழ பாய் போட்டு எல்லாரும் வட்டமா இரிந்து சாப்பிட்டம், அவவுக்குத் தனிக் கோப்பை, அவட கையாலயே குழைச்சுத் தின்ன விட்டம், வீடெல்லாம் சோறு. அஞ்சாம் நாள் அவவே "மீன்" எண்டு கேட்டா.

ஒரே சாப்பாட்டுக்கு 20 நிமிசமாவது இரிங்க. ரெண்டாம் தரம் கேட்டா இல்லை எண்டு சொல்லாதீங்க, "கொஞ்சம் பொறு, தண்ணி குடி, இன்னும் பசிச்சா போடுறன்" எண்டு சொல்லுங்க. கனக்கத் தரம் திரும்பக் கேட்கவே மாட்டான்.

நாலாவது: குடிக்கிறதையும் கொறிக்கிறதையும் மாத்துங்க

சோத்தைக் குறைக்கிறதுக்கு முதல் இங்க பாருங்க. 2 தொடக்கம் 18 வயசுக்காரர் ஒரு நாளைக்கு சேர்த்த சீனி 25 கிராமுக்குக் கீழ, அதாவது 6 தேக்கரண்டிக்குக் கீழ எடுக்கணும் எண்டு அமெரிக்க இருதயச் சங்கம் சொல்லுது. நம்மட வீட்டில காலையில பால்மாத் தேத்தண்ணி, பின்னேரம் ஒண்டு, படுக்க முதல் ஒண்டு, ஒவ்வொண்டுக்கும் ரெண்டு கரண்டி எண்டா அதிலயே 6 கரண்டி முடிஞ்சிட்டு, பிஸ்கட்டையும் டொபியையும் இன்னும் எண்ணவே இல்ல.

சோடாப் போத்தலில சின்ன வட்டமா சிவப்பு, மஞ்சள், பச்சை போட்டிருக்கிறதப் பார்த்திருப்பீங்க. இலங்கையில அது 2016 ஆகஸ்ட் தொடக்கம் வந்தது. 100 மில்லிலீட்டருக்கு 11 கிராமுக்கு மேல சீனி எண்டா சிவப்பு, 2க்கும் 11க்கும் இடையில மஞ்சள், 2க்குக் கீழ பச்சை. மஞ்சள் எண்டா பரவாயில்ல எண்டு நினைச்சிடாதீங்க. 10 கிராம் உள்ள ஒரு 400 மில்லிலீட்டர் போத்தலும் மஞ்சள்தான், அதில 40 கிராம் சீனி, பத்து தேக்கரண்டி. புள்ளைக்கு முன்னால ஒரு கிளாஸில பத்துக் கரண்டி சீனியைப் போட்டுக் காட்டுங்க, நான் போட்டுக் காட்டினன், அவன் அதைக் கண் வெட்டாமப் பார்த்துக்கொண்டு நிண்டான். அதுக்குப் பிறகு சோடா பெருநாள், கல்யாணம், பிறந்தநாளுக்கு மட்டும் எண்டு அவனே ஒத்துக்கொண்டான்.

தேத்தண்ணிச் சீனியை ஒரேயடியா நிப்பாட்டினா குடிக்கமாட்டாங்க. ரெண்டில இருந்து ஒண்டரை, ஒரு கிழமை கழிச்சு ஒண்டு, மறுகா அரை. தயிர் நல்லது, நம்மட எருமைத் தயிருக்கு ஈடு இல்ல, ஆனா அதுக்கு மேல போடுற சீனியும் பாணியும்தான் கணக்கைக் கூட்டுது, வாழைப்பழம் பிசைஞ்சு போட்டுக் குடுங்க.

பின்னேரம் நாலு மணிக்கு பாண் விக்கிற ஓட்டோ மியூசிக் போட்டுக்கொண்டு ஒழுங்கைக்குள்ள வருமே, அந்தச் சத்தம் கேட்டா வயிறு நிரம்பின புள்ளையும் ஓடும். அதைத் தடுக்க ஏலா, அதுக்கு முதல் வயித்தில ஏதும் போடலாம். மூண்டரைக்கே அவிச்ச சோளன், கௌபி, கடலை, பயறு, ஒரு பிடி வறுத்த கச்சான், கொய்யா, பப்பாசி, விளாம்பழம், சீசனுக்கு நாவல்பழம், இப்பிடி ஒண்டை எடுத்துக் கண்ணுக்குத் தெரியிற இடத்தில வைங்க. பிஸ்கட் டின்னை மேல் தட்டில ஏத்துங்க. வாங்காத சாமானுக்கு வீட்டில சண்டை வராது, அதால மாதச் சாமான் லிஸ்டிலயே மிக்சரும் கிரீம் பிஸ்கட்டும் பாதியாக் குறையட்டும்.

சோத்துக் கோப்பையை மனசால நாலாப் பிரிங்க. பாதிக்கு மரக்கறியும் கீரைச் சுண்டலும், வல்லாரை, பொன்னாங்காணி, முருங்கை எது கிடைக்குதோ அது, கால்வாசிக்கு சோறோ பிட்டோ இடியப்பமோ, மற்றக் கால்வாசிக்கு மீன், முட்டை, பருப்பு. வாவி மீன் கிடைக்கிற ஊரில இரிந்துகொண்டு சொசேஜ் பொரிச்சுக் குடுக்கிறது எனக்கு மனசுக்கு ஒப்பல்ல. வளர்ற புள்ளைக்கு டயட் எண்டு ஒரு நேரச் சாப்பாட்டை நிப்பாட்டாதீங்க, எடை குறைக்கிற மா, கசாயம், மாத்திரை ஒண்டும் வேணாம்.

அஞ்சாவது: இப்பத்தான் மணித்தியாலத்தைக் குறைக்கிறது

உலக சுகாதார அமைப்பு 2019ல சொன்னது, 2 வயசுக்குக் கீழ திரையே வேணாம், 2 தொடக்கம் 4 வயசு வரைக்கும் ஒரு நாளைக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல போகக் கூடாது, அதை விடக் குறைஞ்சா இன்னும் நல்லம். 5 வயசுக்கு மேல அவங்க ஒரு எண்ணிக்கை சொல்லல்ல, பொழுதுபோக்குத் திரையை மட்டுப்படுத்துங்க எண்டுதான் சொன்னது. நான் என்ட மகனுக்கு ஸ்கூல் நாளில ஒரு மணித்தியாலம், சனி ஞாயிறில ரெண்டு எண்டு வச்சன். இது என்ட தீர்மானம், உங்கட வீட்டு நிலைமைக்கு ஏத்தமாதிரி வைங்க, ஆனா ஒரேயடியா மூண்டில இருந்து ஒண்டுக்கு வராதீங்க, கிழமைக்கு அரை மணித்தியாலம் போதும்.

செட்டிங்ஸ் வேலையும் செய்யணும். யூடியூப்பில ஒண்டு முடிய அடுத்தது தானா ஓடுற ஓட்டோபிளேயை நிப்பாட்டுங்க, புள்ளையள் மாட்டிக்கொள்றது அதிலதான். கேம் நோட்டிபிகேசன் எல்லாம் ஓஃப். கூகிள் ஃபேமிலி லிங்க் போட்டா சொன்ன நேரம் முடிய போன் தானாப் பூட்டும், அப்ப ஏச்சு வாங்குறது போன்தான், தாய் இல்ல. முடியிறதுக்கு அஞ்சு நிமிசம் முதல் சொல்லுங்க, நடு மட்சில பிடுங்காதீங்க. நேரம் எப்ப எண்டதும் முக்கியம், விளையாடி, குளிச்சு, படிச்சு முடிஞ்ச பிறகு திரை எண்டு வச்சா மற்ற வேலை தானா முடியும், திரையை முதல் வச்சா பிறகு எழுப்பவே ஏலா.

நாம கையில போனோட இரிந்துகொண்டு புள்ளைக்குச் சொன்னா எடுபடாது, இதுக்கு மேல அதைப்பத்தி ஒண்டும் சொல்லத் தேவையில்ல.

ஆறாவது: நித்திரை

ராவைக்கு எல்லாப் போனும் ஹோலில ஒரே இடத்தில சார்ஜ் போடுங்க, படுக்கிற அறைக்குள்ள ஒண்டும் போகக் கூடாது. 3, 4 வயசுக்கு 10 தொடக்கம் 13 மணித்தியாலம், 6 தொடக்கம் 12 வயசுக்கு 9 தொடக்கம் 12, அதுக்கு மேல 18 வரைக்கும் 8 தொடக்கம் 10 மணித்தியாலம் நித்திரை வேணும். விடிய அஞ்சரைக்கு எழுப்பணும் எண்டா எட்டரைக்குப் படுக்கணும், கணக்கு அவ்வளவுதான்.

ஏழாவது: வெறுமையான நேரத்தை நிரப்புங்க

போனை வச்சிட்டு புள்ள என்ன செய்யும்? இதை யோசிக்காம மற்றதெல்லாம் செய்தா ஒரு மாதத்தில பழையபடி. 5 தொடக்கம் 17 வயசு வரைக்கும் ஒரு நாளைக்கு சராசரி 60 நிமிசம் மூச்சு வாங்குற அளவு ஓடியாடணும், அதை ரெண்டு மூண்டாப் பிரிச்சும் செய்யலாம். ஆனா நம்மட புள்ளையள்ட நாளைப் பாருங்க, ஒண்டரைக்கு ஸ்கூல் விடும், ரெண்டரைக்கு டியூசன், அஞ்சுக்கு இன்னொரு டியூசன், சிலருக்கு அதுக்குப் பிறகு ஓதப் போகணும், எல்லாம் இரிந்த இடத்திலதான். திரையை மட்டும் குற்றம் சொல்றது நியாயமில்ல. நான் கிழமையில ரெண்டு டியூசனை நிப்பாட்டினன், ஸ்கொலர்சிப் வருசத்தில அப்பிடிச் செய்யலாமா எண்டு கேட்காத ஆளில்ல, ஆனா நாலரைக்கு விளையாடிட்டு வந்து படிக்கிறவன் தூங்கி வழியாமப் படிச்சான்.

நம்மட தரை சமதரை, சைக்கிள் ஓட இதை விட நல்ல இடம் இல்ல. கிட்ட உள்ள டியூசனுக்கு மோட்டார் சைக்கிளில ஏத்தி இறக்காம சைக்கிளில விடுங்க. வெயில் நாலரைக்குப் பிறகு இறங்கும், ஆறு மணிக்குக் கிட்ட இருட்டும், அந்த ஒண்டரை மணித்தியாலத்தை ஆருக்கும் விட்டுக் குடுக்காதீங்க. மட்டக்களப்பில எண்டா கல்லடிக் கடற்கரை, காந்திப் பூங்கா, வெபர் மைதானம், கல்முனை, திருக்கோவில் பக்கமெண்டா கடற்கரை மணல், மணலில ஓடுறது தரையில ஓடுறதை விட நல்லாக் களைக்கும். கடலுக்குள்ள மட்டும் பெரியாக்கள் இல்லாம இறங்க விடாதீங்க. கிளித்தட்டு, எல்லே, கபடி, ஒழுங்கைக் கிரிக்கெட், எதெண்டாலும் சரி, பக்கத்து வீட்டுப் புள்ளையளையும் கூப்பிட்டாத்தான் நிக்கும், தனிப் புள்ள திரும்பப் போனுக்குத்தான் போகும்.

பெரியபிள்ளையான பிறகு பொம்பிளப் புள்ளையள வளவுக்கு வெளிய விடுறல்ல, அதோட அதுகள்ட ஓட்டமும் நிண்டிடுது, கையில போன் மட்டும் மிஞ்சுது. இது எனக்கு மிச்சம் கவலை. வெளிய விட மனமில்லாட்டி வளவுக்குள்ள பேட்மிண்டன் வலை கட்டுங்க, மச்சாள்மார கூப்பிடுங்க, ஸ்கூல் நெட்போல் டீமில சேர்க்க மிஸ்ஸோட கதைங்க. கார்த்திகை, மார்கழி மழைக்கு வெளிய போக ஏலாட்டி ஹோலில கயிறு பாயலாம், பாட்டுப் போட்டு ஆடலாம், அந்த நேரம் டிவி ஓடினாலும் பரவாயில்ல.

வீட்டில உள்ள மற்றாக்கள்

"வளர்ற புள்ளைக்குக் கணக்குப் பார்க்காத மகள்" எண்டு அம்மா எனக்கு ஏசினா. சுனாமிக்குப் பிறகு முகாமில சாப்பாட்டுக்கு வரிசையில நிண்டவ அவ, புள்ளைட கோப்பை நிறைஞ்சு இரிக்கிறதைப் பார்த்தாத்தான் அவவுக்கு நித்திரை வரும். அவவோட வாதாட எனக்கு மனமில்ல. "அம்மா, சோத்தைக் குறைக்கல்ல, சீனியைத்தான் குறைக்கிறன், நீங்க கச்சான் வறுத்துக் குடுங்க" எண்டன். இப்ப பின்னேரச் சாப்பாடு அவட பொறுப்பு, என்ட சொல்லை விட அவட சொல்லைத்தான் அவன் கேட்கிறான்.

"குண்டன்", "தொப்பை" எண்டு ஆரும், மாமாமார் பகிடிக்கும், கூப்பிட விடாதீங்க. அந்தச் சொல்லுக்குப் பிறகு புள்ள மைதானத்துக்குப் போகாது, ஒளிச்சு ஒளிச்சுச் சாப்பிடும். எடையைப் பத்திக் கதைக்காம "நாம எல்லாரும் இப்பிடித்தான் இனி" எண்டு மெலிஞ்ச புள்ளைக்கும் சேர்த்து ஒரே சட்டம் வைங்க.

எப்ப டொக்டர்ட்ட போகணும்

கழுத்துக்குப் பின்னால, கமக்கட்டில கறுப்பாத் தடிச்சு வெல்வெட் மாதிரி வந்தா சவர்க்காரம் போட்டுத் தேய்க்காதீங்க, அது ஊத்தை இல்ல, இன்சுலின் சரியா வேலை செய்யாததுக்கு ஒரு அடையாளம். நித்திரையில பெரிசாக் குறட்டை விட்டு இடையில மூச்சு நிண்டு வந்தா, கூடுதலாத் தாகமெடுத்து கூடுதலா மூத்திரம் போனா, இடுப்போ முழங்காலோ நொந்து நொண்டினா, எடை ஏற உயரம் மட்டும் ஏறாம நிண்டா காத்திருக்க வேணாம். உடற்பருமன் கோட்டைத் தாண்டின புள்ளையையும் ஒருக்காக் காட்டுங்க. கிட்ட உள்ள சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கோ ஆஸ்பத்திரிக்கோ போனா அங்க இரிந்து புள்ளையள் கிளினிக்குக்கு எழுதித் தருவாங்க, மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில அதுக்கெண்டு டொக்டர்மார் இரிக்காங்க.

எட்டாவது: மாதம் ஒருக்கா அளவு, தராசுக்கு அவசரம் வேணாம்

அனேகமான புள்ளையளுக்கு கிலோ இறங்கத் தேவையே இல்ல, எடை அப்பிடியே நிக்க உயரம் வளர்ந்தா போதும். என்ட மகன் எட்டு மாதத்தில 135ல இருந்து 139க்கு வந்தான், எடை 38ல இருந்து 38.5. பிஎம்ஐ 20.9ல இருந்து 19.9க்கு இறங்கிட்டு. இன்னும் கோட்டுக்கு மேலதான், ஆனா இறங்குது.

இடையில ஒருக்காக் கெட்டும் போச்சி. பரீட்சை முடிஞ்ச லீவில சொந்தக்காரர் வந்து நிண்டாங்க, புள்ளையள் எல்லாம் ஒரே போனைச் சுத்தி, கையில ரோல்ஸும் சோடாவும், ரெண்டு கிழமை நானும் விட்டுட்டன். ஸ்கூல் தொடங்கின பிறகு எல்லாத்தையும் ஒண்டாப் பிடிக்கப் போகல்ல, மூண்டாவது வேலையை மட்டும் திரும்ப எடுத்தன். சாப்பாட்டு நேரம் போன் பெட்டிக்குள்ள. மூண்டாம் நாள் சின்னவதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அப்பாக்கு முன்னால போய் நிண்டா.